தடுமாறும் பிள்ளையும் அளவுகோலும்



பிள்ளைகளின் அசைவுத் திறனை மதிப்பிடுவது பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தீர்கள். விரிந்த தலைப்பு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற முறையில் என்னிடம் வருகிற பிள்ளைகளில் ஒரு சாராரைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன். இவர்களுக்கு நோய் என்று சொல்ல எதுவும் இருக்காது. கேட்ட கேள்விக்குப் பளிச்சென்று பதில் வரும். ஆனால் எட்டு வயதாகியும் சட்டைப் பொத்தான் போட அம்மா வேண்டும். சாப்பிட்டு எழுந்தால் தட்டைச் சுற்றிச் சோறு கிடக்கும். படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரை விட மாட்டார்கள். விளையாட்டில் ஆள் பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சி நிற்பார்கள். 'சரி, நீயும் வா' என்று சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். வீட்டில் அவசரக்குடுக்கை, பள்ளியில் சோம்பேறி, தெருவில் தத்தி. மூன்று பெயரும் ஒரே பிள்ளைக்கு.

மருத்துவத்தில் இதற்கு இன்று வழங்கும் பெயர் 'வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு', சுருக்கமாக டிசிடி. 1937இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் இத்தகைய பிள்ளைகளைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். 1962இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதற்கென்றே ஒரு தலையங்கம் வெளியிட்டது. 1965இல் கபேயும் அவருடைய சக மருத்துவர்களும் 21 பிள்ளைகளைப் பரிசோதித்து எழுதிய கட்டுரை 'பிரெய்ன்' இதழில் வந்தது. பிறகு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1987இல் டிசிடி என்ற பெயர் ஏறியது. 1994இல் கனடாவின் லண்டன் நகரில் கூடிய வல்லுநர்கள் இனி இந்தப் பெயரையே எல்லோரும் பயன்படுத்துவது என்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. ஒரு பிள்ளைக்கு டிசிடி இருக்கிறது என்று சொல்ல அது கேட்பது நான்கு விஷயங்கள். பிள்ளையின் வயதையும், அந்தத் திறனைக் கற்றுப் பழக அதற்குக் கிடைத்த வாய்ப்பையும் வைத்துப் பார்த்தால், அசைவுத் திறன் எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே குறைந்திருக்க வேண்டும். அந்தக் குறை அன்றாட வாழ்க்கையையோ படிப்பையோ விளையாட்டையோ தொடர்ந்து பாதிக்க வேண்டும். சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அறிவு வளர்ச்சிக் குறைவு, பார்வைக் கோளாறு, மூளை நரம்பு தசை நோய்கள் ஆகியவற்றால் அதை விளக்க முடியாமல் இருக்க வேண்டும்.

நான்கில் முதலாவதில் மட்டும்தான் சோதனைப் பெட்டிக்கு வேலை, அதிலும் பாதி. ஆனால் நம்மூரில் நடப்பது என்ன? வெளிநாட்டிலிருந்து பெரிய விலைக்கு வாங்கிய பெட்டி ஒன்று இருக்கிறது; அதைத் திறந்து பிள்ளையை உட்கார வைக்கிறோம்; அரை மணி நேரத்தில் ஓர் எண் வருகிறது; அந்த எண்ணை அறிக்கையின் தலையில் எழுதுகிறோம். வாய்ப்பு கிடைத்ததா, அன்றாடம் எதில் இடறுகிறது என்ற இரண்டையும் பெட்டி சொல்லாது. உள்ளூர்க்காரர்களாகிய நமக்குத்தான் அவை தெரியும். தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததற்கு மதிப்புக் கொடுக்கிறோம் என்பதே என் மனக்குறை. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகத்தான் இங்கே நிற்கிறேன்.

பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் அதை மரியாதையாகப் பார்த்துவிடுவோம். இந்தச் சோதனைகளின் வரலாறு சுவையானது. 1923இல் மாஸ்கோவில் ஒசெரெட்ஸ்கி என்பவர் பிள்ளைகளின் அசைவு வளர்ச்சியை வயது வாரியாக அளக்க ஒரு தொகுப்பை உருவாக்கினார். அது போர்ச்சுக்கலுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்கேற்ப மாற்றப்பட்டது. அந்தப் போர்த்துகீசிய வடிவத்திலிருந்து 1946இல் எட்கர் டால் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1955இல் ஸ்லோன் அதைச் சீர்திருத்தினார். 1978இல் அமெரிக்காவில் புரூனிங்க்ஸ் புதுப்பித்தார். இன்று நாம் பி.ஓ.டி. என்று சுருக்கிச் சொல்லும் சோதனையின் பெயரில் புரூனிங்க்ஸும் ஒசெரெட்ஸ்கியும் சேர்ந்தே இருக்கிறார்கள். எல்லை தாண்டும்போதெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அதைத் திருத்தியிருக்கிறார். நம்முடைய அலமாரிக்கு வரும்போது மட்டும் பெட்டி உறை பிரிக்காமல் அப்படியே வந்துவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு. 1972இல் ஸ்டாட், மோய்ஸ், ஹெண்டர்சன் மூவரும் வெளியிட்ட சோதனை வளர்ந்து, 1992இல் 'மூவ்மென்ட் ஏபிசி' ஆனது. 2007இல் அதன் இரண்டாம் பதிப்பு. இப்போது மூன்றாவதும் வந்துவிட்டது. உலகில் டிசிடி ஆய்வுகளில் மிக அதிகமாகப் பயன்படுவது இதுதான் என்பதால் இதையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் பதிப்பில் 3 முதல் 16 வயது வரை மூன்று வயதுக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எட்டுப் பணிகள்: கைத்திறனுக்கு மூன்று, எறிந்து பிடிப்பதற்கு இரண்டு, சமநிலைக்கு மூன்று. சின்னப் பிள்ளை உண்டியல் போன்ற பெட்டியின் துளைக்குள் காசு போடும், மணி கோக்கும். ஏழு வயதுக்காரர் துளைப் பலகையில் சிறு குச்சிகளைச் செருகுவார். சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து திரும்பி வருவதைப் பிடிப்பார். ஒற்றைக் காலில் பலகை மேல் நிற்பார், அதற்கு உச்ச வரம்பு 30 விநாடி. தரையில் கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொடும்படி நடப்பார். பெரிய பிள்ளைகள் நட்டும் போல்ட்டும் பூட்டி முக்கோணம் செய்வார்கள், ஒரே கையால் பந்து பிடிப்பார்கள். கிடைக்கும் மதிப்பெண்களை அதே வயதுப் பிள்ளைகளின் அட்டவணையோடு ஒப்பிட்டு, 5ஆம் சதமானமோ அதற்குக் கீழோ என்றால் சிவப்பு, 6 முதல் 15 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. போக்குவரத்து விளக்கு முறை.

சதமானம் என்பதைப் பெற்றோருக்கு விளக்கும்போது நாம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். 100 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் இவன் கடைசி ஐந்து பேருக்குள் நிற்பான் என்கிறோம். யாருடைய 100 பிள்ளைகள்? இரண்டாம் பதிப்பின் அட்டவணை பிரிட்டனைச் சேர்ந்த பிள்ளைகளை வைத்துத் தயாரானது. அதோடு, எந்த ஊர் 100 பிள்ளைகளை நிறுத்தினாலும் கடைசியில் ஐந்து பேர் இருந்தே தீருவார்கள். ஒலிம்பிக் வீரர்களையே நிறுத்தினாலும் இருப்பார்கள். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் 5 அல்லது 6 விழுக்காட்டினருக்கு டிசிடி இருக்கிறது என்று எல்லாப் புத்தகத்திலும் படிக்கிறோம். அந்த எண்ணில் ஒரு பங்கு, நாம் கோடு போட்ட இடத்தால் வந்தது.

இதைச் சரியாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. பிரிட்டனின் ஏவன் பகுதியில் பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பின்பற்றும் பெரிய ஆய்வு அது. 2009இல் லிங்கம் குழுவினர் அதிலிருந்த ஏழு வயதுப் பிள்ளைகளின் விவரங்களை எடுத்து, சோதனையில் அடிமட்ட 5 விழுக்காட்டில் இருப்பது மட்டும் போதாது, அன்றாடச் செயலிலோ கையெழுத்திலோ உண்மையான இடையூறும் இருக்க வேண்டும், வேறு நரம்பு நோயோ அறிவுக் குறைவோ இருக்கக் கூடாது என்று எல்லா நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். தீவிர டிசிடி உள்ளவர்கள் 1.8 விழுக்காடு. கடைசி ஐந்தில் நின்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் கணக்கில் விழவில்லை. தடுமாற்றம் இருக்கிறது, ஆனால் வாழ்க்கை நின்றுவிடவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு பட்டம் கட்டி என்ன ஆகப்போகிறது?

இனி வாய்ப்புக்கு வருகிறேன். ஹாங்காங்கில் நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை அமெரிக்கப் பிள்ளைகளோடு இதே சோதனையில் ஒப்பிட்ட ஆய்வு 2001இல் வந்தது. கைத்திறனிலும் நகரும் சமநிலையிலும் ஹாங்காங் பிள்ளைகள் முந்தினார்கள். பந்தை எறிவதிலும் பிடிப்பதிலும் அமெரிக்கப் பிள்ளைகள் முந்தினார்கள். குச்சியால் சாப்பிடுகிற கையும் வாசலில் பந்து விளையாடுகிற கையும் ஒரே மாதிரி வளர்வதில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. அமெரிக்க அட்டவணையை அப்படியே வைத்தால் ஹாங்காங்கில் கைத்திறன் குறைந்த பிள்ளை கண்ணில் படாமல் தப்பிவிடும். பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளை தேவையில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

நம் பிள்ளைகள் எதில் முந்துவார்கள்? முழுமையான தமிழ்நாட்டு அட்டவணை கையில் இல்லாதபோது, வீட்டையும் தெருவையும் கேட்பதே வழி. மூன்று வயதிலேயே பென்சிலைக் கையில் திணிக்கிறோம். ஆகவே கோட்டுக்குள் வரையும் பணியில் பல பிள்ளைகள் சுலபமாகத் தேறுவார்கள். அடுக்குமாடி வீட்டில் வளர்ந்து, வேனில் ஏறிப் பள்ளி போய், வேனில் வந்து இறங்கும் பிள்ளை பந்தைச் சுவரில் எறிந்து பிடித்ததே இல்லை. அந்தப் பணியில் அது சறுக்கினால் மூளையின் குற்றமா, கட்டட உரிமையாளர் சங்கத்தின் குற்றமா? மறுபுறம், கிராமத்தில் கிணற்றுச் சுவர் மேல் நடந்து பழகிய பிள்ளை சமநிலையில் அட்டவணையைத் தாண்டி நிற்கும். அதே பிள்ளை கத்தரிக்கோலை முதல்முறையாக என் மேசையில்தான் தொடுகிறது. நான் இரண்டு பேருடைய பெற்றோரிடமும் முதலில் கேட்பது இதைத்தான்: இதை இதற்கு முன் செய்திருக்கிறானா? எத்தனை தடவை? யார் கற்றுக்கொடுத்தார்கள்? இந்தப் பதில் இல்லாமல் மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. ஆண் பிள்ளைகளே அதிகம் என்கின்றன நூல்கள். ஆய்வைப் பொறுத்து ஒரு பெண்ணுக்கு இரண்டு முதல் ஏழு ஆண் வரை விகிதம் மாறுகிறது. இவ்வளவு பெரிய இடைவெளியே சந்தேகத்துக்கு இடமளிக்கிறது. மைதானத்தில் தடுமாறும் பையன் எல்லோர் கண்ணிலும் படுகிறான். 'அவளுக்கு விளையாட்டில் ஆசையில்லை, அமைதியான பிள்ளை' என்று சொல்லிவிட்டால் பெண் பிள்ளையின் கதை முடிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பில் இரட்டைச் சடைக்கு ரிப்பன் கட்ட வராமல் பாட்டியை எதிர்பார்க்கும் பிள்ளையைப் பற்றி என்னிடம் யாரும் கடிதம் கொடுத்து அனுப்பியதில்லை.

அன்றாட வாழ்க்கையை விசாரிப்பதற்கென்று கேள்விப் பட்டியல்கள் இருக்கின்றன. கனடாவின் கால்கரியில் பிரெண்டா வில்சன் குழுவினர் உருவாக்கி 2007இல் திருத்திய டிசிடி கேள்விப் பட்டியல் 5 முதல் 15 வயதுக்கானது. 15 கேள்விகள், பெற்றோர் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிட வேண்டும். நல்ல கருவி. அதில் ஒரு சிக்கல்: ஒவ்வொரு கேள்வியும் 'இதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால்' என்று தொடங்குகிற மனநிலையில் கேட்கப்படுவது. ஒற்றைப் பிள்ளை வைத்திருக்கும் தாய்க்கு ஒப்பிட யார் இருக்கிறார்கள்? பல வீடுகளில் இந்தக் கேள்விகளுக்கு மிகச் சரியாகப் பதில் சொல்பவர் பாட்டிதான். ஐந்தாறு பிள்ளைகளைப் பார்த்தவர். ஆகவே பாட்டியையும் அழைத்து வரச் சொல்கிறேன்.

பட்டியலோடு நான் சேர்த்துக் கேட்கும் கேள்விகள் நம்முடையவை. சொம்பிலிருந்து வாய் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிப்பானா? இது சாதாரணமாகத் தோன்றும்; ஆனால் தலையைச் சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தண்ணீரை அளவாக ஊற்றி, தொண்டையில் நிறுத்தாமல் விழுங்கி, சரியான நொடியில் கையை நிமிர்த்த வேண்டும். ஒருங்கிணைப்பைச் சோதிக்க இதைவிடச் சிறந்த பணியை எந்தப் பெட்டியும் தரவில்லை. ரசம் சோற்றைக் கையால் அள்ளி விரலிடுக்கில் ஒழுகாமல் வாய்க்குக் கொண்டுபோகிறாளா? சம்மணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்துகொள்கிறாளா? இந்தியக் கழிவறையில் குந்தி உட்கார முடிகிறதா? டிபன் பாக்ஸின் கிளிப்பைத் திறக்க யாரிடம் நீட்டுகிறான்? நொண்டியில் கட்டம் தாண்டும்போது தூக்கிய கால் எங்கே வந்து விழுகிறது? அஞ்சாங்கல்லில் கல்லை மேலே விட்ட கை, கீழே இருப்பதை அள்ளிவிட்டுத் திரும்பி வருகிறதா? பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் ஏன் சாத்தியபடியே நிற்கிறது? வயது ஏறினால் தானே சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1990களில் தொடர்ந்து பின்பற்றிய ஆய்வுகள், பெரும்பாலோருக்குப் பதின்பருவத்திலும் அது நீடிக்கிறது என்று காட்டின. அந்தச் சைக்கிள் கேள்விக்குப் பின்னால் இருப்பது அதுதான்.

இவை தரப்படுத்தப்பட்ட கேள்விகள் ஆகா. நான் அவற்றுக்கு மதிப்பெண் போடுவதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பெட்டியைத் திறக்கிறேன். அப்போது எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

மருத்துவ நண்பர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். நான்காவது நிபந்தனை உங்களுடையது. அதை எங்களால் நிறைவேற்ற முடியாது. தரையிலிருந்து எழச் சொன்னால், நான்கு வயதுப் பையன் முதலில் கையை ஊன்றி, பிறகு தன் தொடைகளின் மேலேயே கைகளை வைத்து ஏறி நிமிர்கிறான் என்றால் அது தடுமாற்றம் அன்று. கவர்ஸ் 1879இல் விவரித்த அடையாளம் அது. தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். கெண்டைக்கால் தசை பருத்திருக்கிறதா என்று பாருங்கள். சிபிகே ரத்தப் பரிசோதனை எழுதுங்கள். டிசிடி என்று எண்ணி ஆறு மாதம் பந்து எறிய வைத்தால் அந்தக் குடும்பம் இழக்கும் காலத்தைத் திருப்பித் தர முடியாது. ஒரு பக்கக் கை மட்டும் பின்தங்கினால், விரல் நுனியில் நடந்தால், லேசான மூளை முடக்குவாதத்தை நினையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கைவந்த திறன் கைவிட்டுப் போவது. டிசிடி உள்ள பிள்ளைக்குத் திறன் தாமதமாக வரும், வந்தது போகாது. போன மாதம் சைக்கிள் ஓட்டிய பிள்ளை இந்த மாதம் தள்ளாடுகிறது, காலையில் தலைவலியும் வாந்தியும் என்றால் என்னிடம் அனுப்ப வேண்டாம். அன்றே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். கண் பரிசோதனையைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், பந்து பிடிக்கவில்லை என்று வரும் பிள்ளைக்குப் பந்து தெரிகிறதா என்று யாராவது முதலில் பார்த்திருக்க வேண்டும்.

குறைமாதப் பிள்ளைகளின் கதை தனி. மிகக் குறைமாதத்திலோ ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான எடையிலோ பிறந்தவர்களுக்கு டிசிடி வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2011இல் எழுதினார்கள். நம்முடைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அவர்களைக் காப்பாற்றி அனுப்புகின்றன. நடந்துவிட்டான், பேசிவிட்டான் என்றதும் கோப்பு மூடப்படுகிறது. டிசிடி கண்ணுக்குத் தெரிவது பள்ளியில். ஐந்து வயதுக்கு முன் பொதுவாக இதை உறுதிசெய்வதில்லை. பிள்ளைகளின் வேகம் அந்த வயதில் அவ்வளவு வேறுபடும். ஆகவே மூடிய கோப்பை ஐந்து வயதுக்குப் பிறகு ஒரு முறை திறந்து பாருங்கள்.

பள்ளியிலேயே பரிசோதனை நடக்கத்தான் செய்கிறது. 2013இல் தொடங்கிய 'ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்' என்ற தேசியக் குழந்தை நலத் திட்டம் 18 வயது வரை பள்ளி, அங்கன்வாடிகளில் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அதன் 30 நிலைகளில் நரம்பு தசைக் குறைபாடும் அசைவு வளர்ச்சித் தாமதமும் கற்றல் குறைபாடும் கவனக்குறைவுக் கோளாறும் உண்டு. டிசிடி என்ற பெயர் இல்லை. நடந்து, ஓடி, கேள்விக்குப் பதிலும் சொல்லும் பிள்ளை அந்த வரிசையில் 'இயல்பு' என்று கடந்துபோய்விடும்.

இப்போது மேசைக்கு வருவோம். சோதனையில் நான் பார்ப்பது முடிந்ததா முடியவில்லையா என்பதை மட்டுமன்று. இரண்டு பிள்ளைகள் பத்தில் மூன்று பந்து பிடிக்கிறார்கள்; அட்டவணையில் இருவருக்கும் ஒரே எண். ஒருவன் பந்து வரும்போது கண்ணை மூடி முகத்தைத் திருப்புகிறான். பந்து பட்டு அடிவாங்கிய பயம். இன்னொருவன் பந்தை இமைக்காமல் பார்க்கிறான்; கை சரியான இடத்துக்குப் போகிறது; விரல்கள் மூடுவதுதான் தாமதம். மூன்றாவதாக ஒருத்தி ஜன்னலில் காக்கையைப் பார்க்கிறாள். அழைத்துக் கண்ணைத் திருப்பினால் அடுத்த நான்கையும் பிடிக்கிறாள். டிசிடி உள்ளவர்களில் பாதிப் பேருக்குக் கவனக்குறைவுக் கோளாறும் சேர்ந்தே இருக்கிறது என்கிறார்கள். எது எதைக் கெடுக்கிறது என்று எண் சொல்லாது. அந்தப் பத்துப் பந்துகளை எறிந்தவர் சொல்ல வேண்டும். ஆகவே மதிப்பெண் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் நடக்கச் சொன்னால் கைகளும் சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றனவா? வலது விரல்களைத் தட்டும்போது இடது விரல்களும் ஆடுகின்றனவா? சின்ன வயதில் இது இயல்பு. பத்து வயதில் குறிப்பு.

வயதுக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். ஆறு வயது 11 மாதத்தில் பச்சையில் இருந்த பிள்ளை, அடுத்த மாதம் ஏழு தொடங்கியதும் வேறு வயதுக் கட்டத்துக்குப் போய் மஞ்சளில் விழலாம். பிள்ளை மாறவில்லை, பணிகள் மாறின. பிறந்த தேதியைப் பள்ளிச் சேர்க்கைக்காக மாற்றிக் கொடுத்திருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்பதும் நம்மூரில் மதிப்பீட்டின் ஒரு பகுதி.

கையெழுத்துக்காகத்தான் பெரும்பாலான பெற்றோர் வருகிறார்கள். கோழி கிளறினாற்போல் எழுதுகிறான், தேர்வில் முடிக்க மாட்டேன் என்கிறான் என்பார்கள். எழுதும் வேகத்தை அளக்கும் தரப்படுத்தப்பட்ட சோதனைகள் பெரும்பாலும் லத்தீன் எழுத்துக்கு ஏற்பட்டவை. தமிழ் எழுத்தின் உழைப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சுழி அதிகம், ன-வையும் ண-வையும் பிரிப்பது ஒரு சுழிதான், உயிர்மெய்யில் கொம்பு முன்னால், கால் பின்னால் என்று கை முன்னும் பின்னும் தாவ வேண்டும். இஸ்ரேலில் சாரா ரோசன்ப்ளம் மின்பலகையில் பிள்ளைகளை எழுத வைத்து, கையெழுத்தில் சிரமப்படுபவர்களின் பேனா தாளில் இல்லாமல் காற்றில் கழிக்கும் நேரம் அதிகம் என்று காட்டினார். அந்தப் பிள்ளை சும்மா இருப்பதாக ஆசிரியர் நினைக்கிறார்; அடுத்த எழுத்தை எங்கே தொடங்குவது என்று பேனா தேடிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்க்க மின்பலகை வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எழுதி முடித்த நோட்டைப் பார்க்காமல் எழுதுகிற கையைப் பார்த்தால் போதும். ஒரு பத்தியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே நீளத்தில் வாயால் கதை சொல்லச் சொல்லுங்கள். வாயில் நான்கு நிமிடம் ஓடும் கதை தாளில் இரண்டு வரியில் நின்றுவிட்டால் கோளாறு எங்கே என்று தெரியும்.

சட்டம் இதில் நமக்குத் துணை நிற்கிறது, பாதியளவுக்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற தலைப்பின் கீழ் டிஸ்லெக்சியா, டிஸ்கிராபியா, டிஸ்கால்குலியா ஆகியவற்றோடு டிஸ்பிராக்சியாவும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. டிசிடிக்கு மிக நெருங்கிய பெயர் அது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவற்றைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் சான்றிதழுக்காக 2018இல் வந்த வழிகாட்டுதல் எட்டு வயது நிறைந்தால்தான் சான்று என்றது. அதற்குரிய மதிப்பீடு படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. நன்றாகப் படித்து, நன்றாகக் கணக்குப் போட்டு, கையால் மட்டும் எழுத முடியாத பிள்ளை அந்த மேசையில் என்ன சொல்லி நிற்பது? பெயரைச் சட்டத்தில் எழுதியவர்கள் அளவுகோலையும் எழுதியிருக்கலாம்.

கடைசியாக, வாய்ப்பில்லாத பிள்ளையையும் டிசிடி உள்ள பிள்ளையையும் எப்படிப் பிரிப்பது? சோதனை நாளன்று பிரிக்க முடியாது என்பதே என் பதில். வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஒரே ஒரு செயல்: பொத்தான் போடுவதோ, பந்து பிடிப்பதோ, கயிறு தாண்டுவதோ. நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், ஆறு முதல் எட்டு வாரம். வாய்ப்பு மட்டுமே குறைந்திருந்த பிள்ளை இரண்டாம் வாரத்திலேயே பிடித்துக்கொண்டு ஓடிவிடும். அதற்கு என்னுடைய உதவி தேவைப்படாது. டிசிடி உள்ள பிள்ளையும் கற்கும். ஆனால் திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டும் கற்காது. எங்கே இடறுகிறது என்று அதுவே கண்டுபிடிக்க உதவ வேண்டும். கனடாவில் பொலாட்டாய்கோவும் மாண்டிச்சும் உருவாக்கிய முறை இதைத்தான் செய்கிறது: என்ன செய்யப் போகிறாய், எப்படிச் செய்யப் போகிறாய், செய், நினைத்தபடி நடந்ததா பார். பொத்தான் போடும் செயலில் கற்றதைப் பைக்குக் கொக்கி மாட்டும்போது அந்தப் பிள்ளை தானாகக் கொண்டுபோவதில்லை. அதையும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. எட்டு வார முடிவில் எனக்குக் கிடைப்பது கற்கும் வேகம். முதல் நாள் மதிப்பெண்ணைவிட அதை நான் அதிகம் நம்புகிறேன்.

அதனால் என் அறிக்கைகளின் வடிவம் மாறியிருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையின் ஒரு நாள்: காலையில் பல் துலக்குவதிலிருந்து இரவு பாய் விரிப்பது வரை எதை யார் செய்து கொடுக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில் எதைக் கற்க வாய்ப்பு இருந்தது, எதற்கு இல்லை. மூன்றாவதில் மருத்துவர் என்னென்ன இல்லை என்று உறுதிசெய்தார். சோதனை மதிப்பெண் நான்காம் பக்கத்தில், எந்த நாட்டு அட்டவணை என்ற குறிப்போடு. பிறகு எட்டு வாரப் பயிற்சியின் முடிவு. பள்ளிகள் சில முதலில் முணுமுணுக்கின்றன. எண்ணை ஏன் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். முதல் மூன்று பக்கத்தைப் படித்த வகுப்பாசிரியர்கள் அதற்குப் பிறகு எண்ணைக் கேட்பதில்லை. திங்கட்கிழமை முதல் அந்தப் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது, கரும்பலகையில் இருப்பதை அச்சடித்துக் கொடுக்கலாமா, விளையாட்டு நேரத்தில் என்ன பொறுப்புக் கொடுப்பது என்று கேட்கிறார்கள்.